எண்ணூர் கரியும் ஏழு மணிக் கரண்டும்

முன்னாடியே ஒரு டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல கணக்கெல்லாம் வரும். கணக்கு அலர்ஜி இருக்கிறவங்க நேரா கடைசியில லாரி மேட்டருக்குப் போயிடலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

சோலார், காத்தாலை, பேட்டரின்னு பேச்சை எடுத்தாலே நம்மாளுங்க கிட்ட ஒரு பதில் ரெடியா இருக்கும். "நல்ல விஷயம்தான் பாஸ், ஆனா அந்த டெக்னாலஜி எல்லாம் இன்னும் வரணும்." கல்யாண வீட்டுல, டீக்கடையில, ஆபீஸ் கேண்டீன்ல எங்க போனாலும் இதே வசனம்தான். ஏதோ அமெரிக்காவுல ஒரு விஞ்ஞானி ராத்திரி பகலா உக்காந்து கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரியும், அவர் முடிச்சதும் நமக்குப் பார்சல்ல அனுப்பி வைக்கப் போற மாதிரியும். என் கட்சி என்னன்னா, வேண்டியதுல முக்கால்வாசி ஏற்கனவே வந்தாச்சு. அதுல பாதி நம்ம தமிழ்நாட்டுலயே ஓடிக்கிட்டு இருக்கு. சிலது வந்து தாத்தா காலமே ஆச்சு.

சும்மா சொல்லலை. மெட்ராஸ்ல மின்சார டிராம் ஓட ஆரம்பிச்சது 1895ல. இந்தியாவுலயே முதல் மின்சார டிராம் அதுதான். 1953ல கம்பெனி நஷ்டம்னு நிறுத்திட்டாங்க. எங்க தாத்தா அதுல போன கதையைச் சொல்லும்போது அந்த மணிச்சத்தத்தை வாயாலயே அடிச்சுக் காட்டுவார். பீச்சுலேர்ந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931ல. எண்ணூர் வழியா கும்மிடிப்பூண்டி போற மின்சார ரயில் எழுபதுகளோட கடைசியில. 2021 பிப்ரவரியில விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ. ஆக, டீசல் இல்லாம ஆளை ஏத்திக்கிட்டுப் போறது நம்ம ஊருக்குப் புதுசே இல்லை. நடுவுல கொஞ்ச நாள் மறந்துட்டோம், அவ்வளவுதான்.

சரி, கொசுவத்தியை அணைச்சுட்டு மேட்டருக்கு வரேன்.

திருவொற்றியூர் தேரடியிலேர்ந்து வடக்கால போனா எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர், அதைத் தாண்டினா கொசஸ்தலை ஆத்து முகத்துவாரம். இந்தச் சின்ன வட்டாரத்துல எத்தனை கரி அடுப்பு வச்சிருக்கோம்னு என்னைக்காவது எண்ணிப் பார்த்திருக்கீங்களா? எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல வந்தது. 60 மெகாவாட் ரெண்டு, 110 மெகாவாட் மூணு, மொத்தம் 450. வயசாகிடுச்சுன்னு 2017 மார்ச் 31ல மூடினாங்க. ஆனா அதுக்குள்ள ஆத்துக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தாச்சு. 1994லேர்ந்து 630, அப்புறம் 1,200, 2024 மார்ச்ல இன்னொரு 800. பக்கத்துலயே வல்லூர் 1,500. கூட்டினா 4,130 மெகாவாட். சென்னை முழுக்க ஏசி போட்டுக்கிட்டுத் தூங்குறதுக்கான கரி எல்லாம் எரியறது ஒரே ஒரு ஆத்து வாயைச் சுத்தி.

கரி எங்கேருந்து வருதுன்னா, பெரும்பங்கு ஒடிசாவுலேர்ந்து, பாரதீப்புல கப்பல் ஏறி. தமிழக அரசோட பூம்புகார் கப்பல் கழகத்துக்கு ஒரு காலத்துல தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ்னு மூணு கப்பல் இருந்தது. மூணு தலைவர்களும் சேர்ந்து கரி சுமந்தாங்க (அரசியல் உள்குத்து எதுவும் இல்லை மக்களே, நிஜமாவே அதான் பேரு). கரி முதல்ல சென்னைத் துறைமுகத்துல இறங்கிக்கிட்டிருந்தது. ராயபுரத்து ஜனங்க கரித்தூசியோட போராடி, கேஸு கோர்ட்டுன்னு போய், கடைசியில 2011ல சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 1லேர்ந்து அங்க கரியும் இரும்புத்தாதும் இறக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. ராயபுரம் மூச்சு விட்டது. கரி நின்னுச்சா? எப்படி நிக்கும்? 2001லேர்ந்து ஓடிக்கிட்டிருந்த எண்ணூர் துறைமுகத்துக்கு இடம் மாறுச்சு. நம்ம வீட்டுக் குப்பையைப் பெருக்கிப் பக்கத்து வீட்டு வாசல்ல தள்ளுற டெக்னாலஜியும் ரொம்பப் பழசுதான்.

சாம்பல் கதையை இங்க எங்க பெரிய மாமா மூலமா சொல்றதுதான் சரி. அம்மாவோட அண்ணன். மின்வாரியத்துல கொதிகலன் பக்கம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அனல்மின் நிலையத்தைப் பத்தி அவர்கிட்ட யாரும் குறைவாப் பேசிட முடியாது. அவர் போட்ட கணக்கு இது.

"ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ கரின்னு வச்சுக்கடா. உங்க வீட்டுல மாசம் எவ்வளவு?"

"இருநூறு யூனிட் ஆகும் மாமா."

"அப்போ நூத்தம்பது கிலோ கரி. நம்ம ஊர் கரியில மூணுல ஒரு பங்குக்கு மேலயே சாம்பல். அம்பது கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை. மாசா மாசம் உன் வீட்டு வாசல்ல ஒரு மூட்டை சாம்பலை இறக்கினா வாங்கிப்பியா?"

வாங்க மாட்டேன். யாரும் வாங்க மாட்டாங்க. அதனாலதான் அது தண்ணியில கரைச்சுக் குழாய்ல செப்பாக்கம் பக்கம் போச்சு. குழாய் ஒழுகி கொசஸ்தலை ஆத்துல படிஞ்சது. இடுப்பளவு தண்ணியில நின்னு கையாலயே இறால் தடவிப் பிடிக்கிற ஜனங்க இருக்கிற ஆறு அது. கால் வைக்கிற இடத்துல சேறுக்குப் பதிலா சாம்பல். இது ஏதோ ஊர்ப்பேச்சு இல்லை, பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போய்ப் பதிவான விஷயம்.

இவ்வளவும் சொல்லிட்டு அதே மாமாதான் என் வாயை அடைக்கிற கேள்வியையும் கேட்டார். "எல்லாம் சரிடா, சாயங்காலம் ஏழு மணிக்கு உன் சூரியன் எங்க இருப்பான்?"

இதுதான் உண்மையான கேள்வி. பகல்ல தமிழ்நாட்டுக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. மே மாசம் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் காத்துக்கும் பஞ்சமில்லை. ஆடிக்காத்துல அம்மியே பறக்குதுன்னா காத்தாடி சுத்தாதா? 1986லயே தூத்துக்குடி முள்ளக்காட்டுல அரசாங்கம் சின்னதா ஒரு காத்தாலைப் பண்ணை போட்டது. இன்னைக்கு மாநிலத்துல காத்தாலை மட்டும் 11,000 மெகாவாட்டைத் தாண்டியாச்சு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ல போனவங்களுக்குத் தெரியும். ஆனா ஏழு மணிக்கு எல்லா வீட்டுலயும் லைட்டு, மிக்சி, டிவி, ஏசின்னு போடும்போது சூரியன் டூட்டி முடிச்சுட்டுப் போயிருப்பான். காத்து அவன் இஷ்டத்துக்கு வருவான். பகல் கரண்டை ராத்திரிக்கு எடுத்து வைக்கணும். ஊறுகாய் மாதிரி.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த ஊறுகாய் ஜாடியைப் பத்தி மாமாவுக்கே நல்லாத் தெரியும். மாற்றல்ல ரெண்டு வருஷம் கடம்பாறையில இருந்தவர். ஆனைமலையில மேல கடம்பாறை அணை, கீழ மேல் ஆழியாறு நீர்த்தேக்கம், நடுவுல மலையைக் குடைஞ்சு பூமிக்கடியில ஒரு மின் நிலையம். கரண்ட் தேவைப்படும்போது மேலேருந்து தண்ணியை விட்டு டர்பைனைச் சுத்துவாங்க. கரண்ட் மிச்சமா இருக்கும்போது அதே மெஷினைத் திருப்பி ஓட்டி, கீழ இருக்கிற தண்ணியை மேல ஏத்திடுவாங்க. நாலு யூனிட் செலவு பண்ணி ஏத்தினா மூணு யூனிட் சுமார் திரும்பி வரும். 400 மெகாவாட். 1987லேர்ந்து இருக்கு. கமல் நாயகன்ல நடிச்ச வருஷம் சார் அது! அப்போ ராத்திரி ஊர் தூங்கும்போது மிச்சமான கரண்டுல தண்ணி ஏத்தினாங்க. இப்போ மத்தியானம் வெயில்ல மிச்சமாகிறதுல ஏத்தலாம். மெஷினுக்கு ராத்திரி பகல் எல்லாம் ஒண்ணுதான். நீலகிரியில குந்தாவுல 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி இன்னொண்ணு கட்டறதாத் திட்டம் போட்டு, அது வருஷக்கணக்கா இழுத்தது. இப்போ சொல்லுங்க, வர வேண்டியது டெக்னாலஜியா?

மலை இருந்தா தண்ணி ஏத்தலாம், எண்ணூர்ல ஏது மலை (சாம்பல் மேட்டைச் சொல்லாதீங்க)? அங்கதான் பேட்டரி.

எண்ணூர் நிலையத்தை மூடின அதே வாரத்துல, 2017 மார்ச் கடைசியில, ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல ஹேசல்வுட்னு ஒரு பெரிய அனல்மின் நிலையத்தையும் மூடினாங்க. 1,600 மெகாவாட். பழுப்பு நிலக்கரி, நம்ம நெய்வேலி மாதிரி. 2020ல புகைக்கூண்டுகளை வெடி வச்சுச் சாய்ச்சாங்க. 2023ல அதே இடத்துல 150 மெகாவாட் பேட்டரி ஓட ஆரம்பிச்சது. ஏன் அதே இடம்? பேட்டரியை எங்க வேணா வைக்கலாம், ஆனா கரண்டை ஊருக்குக் கொண்டு போற உயர் அழுத்த லைனை நினைச்ச இடத்துல போட முடியாது. நிலம் எடுக்கணும், கோபுரம் நடணும், கேஸ் நடத்தணும். பழைய அனல்மின் நிலையத்துக்கு அதெல்லாம் எப்பவோ முடிஞ்ச வேலை. எண்ணூருக்கும் அதே கதைதான். அடுப்பு அணைஞ்சாலும், அம்பது வருஷம் முன்னாடி லைனுக்குன்னு போட்ட பாதை அப்படியே சென்னைக்குள்ள வருது. ஒரே வாரத்துல மூடின ரெண்டு இடம். ஒண்ணுல பேட்டரி. இன்னொண்ணுல என்ன?

2024 டிசம்பர்ல எர்ணாவூர்ல மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. பழைய நிலையத்தை ஒட்டி 660 மெகாவாட்டுக்குப் புதுசா ஒரு கரி நிலையம் கட்டறதுக்கு. எதிர்ப்பு பலமாவே இருந்தது. எனக்கும் அது பிடிக்கலை. ஊர்ப்பாசம் மட்டும் காரணம் இல்லை, துட்டுக் கணக்கும்தான். கமுதி சோலார் பூங்கா 2016ல வந்தப்போ தமிழ்நாடு யூனிட்டுக்குக் கொடுக்க ஒத்துக்கிட்ட விலை 7 ரூபாய் 1 காசு. அடுத்த வருஷமே, 2017ல, இதே தமிழ்நாட்டு டெண்டர்ல 3 ரூபாய் 47 காசு. 2024 டிசம்பர்ல மத்திய அரசோட சூரிய மின்சக்திக் கழகம் நடத்தின ஏலத்துல, சூரிய கரண்டோட நாலு மணி நேரச் சேமிப்பையும் சேர்த்து (சோலார் அளவுல பாதிக்கு) 3 ரூபாய் 52 காசு. 2025ல மத்தியப் பிரதேசம் புது அனல்மின் நிலையத்துக்கு ஏலம் விட்டதுல யூனிட் 5 ரூபாய் 80 காசுக்கு மேல போச்சு. லித்தியம் பேட்டரி 2010ல ஒரு யூனிட் சேமிக்கிற அளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல வித்தது. 2024ல உலகச் சராசரி 115 டாலர். நம்ம ஊர்ல இந்த மாதிரி வெலை இறங்கின பொருள் செல்போனைத் தவிர வேற எதுவும் எனக்கு ஞாபகம் வரலை. டெல்லி கிலோகரியில 20 மெகாவாட்டுக்கு, ரெண்டு மணி நேரம் தாங்குற மாதிரி, ஊருக்கு நடுவுலயே 2025ல வச்சுட்டாங்க.

பேட்டரி தீப்பிடிக்காதான்னு கேப்பீங்க. பிடிக்கும். 2025 ஜனவரியில கலிபோர்னியாவுல மாஸ் லேண்டிங்ல பிடிச்சது, ஆயிரம் பேருக்கு மேல வெளியேத்தினாங்க. அதுவும் பழைய மின் நிலையத்துல வச்சதுதான். பழைய கட்டடத்துக்குள்ள மொத்தமா அடுக்கி வச்சிருந்தாங்க. இப்போ வைக்கிறதெல்லாம் பெரும்பாலும் சீக்கிரத்துல தீப்பிடிக்காத வேற ரசாயனம், தனித்தனிப் பெட்டியா, நடுவுல இடைவெளி விட்டு, திறந்த வெளியில. எண்ணூர்ல இன்னொரு சிக்கல் தண்ணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எண்ணெய் கலந்த வெள்ளம் கழிமுகம் முழுக்கப் பரவி, படகு வலை எல்லாம் பாழானதைப் பார்த்தோம். அந்த மாசக் கடைசியிலேயே அம்மோனியா கசிவு வேற. ஏற்கனவே இவ்வளவு பார்த்த ஜனங்க கிட்ட "பயப்படாதீங்க, இது கிளீன்"னு சொன்னா மூஞ்சியிலயே சிரிப்பாங்க. அதனால மேடு கட்டி, வீடுகளை விட்டுத் தள்ளி, தீயணைப்புக்காரங்களுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்து வைக்கணும். இதெல்லாம் செலவுதான். சாம்பல் குட்டைக்கும் செலவாச்சே.

மாமாவை முழுசா ஜெயிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. அவர் கையில ஐப்பசி கார்த்திகை இருக்கு. ஒரு வாரம் அடைமழை, காத்தும் இல்லை, வெயிலும் இல்லை. நாலு மணி நேர பேட்டரி அங்க வேலைக்கு ஆகாது. 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தோட உச்ச தேவை 20,830 மெகாவாட் வரைக்கும் போச்சு. அந்த மாதிரி ஊரை பேட்டரியை மட்டும் நம்பி விட முடியாது. அதுக்கு என் பதில், இருக்கிற கரி நிலையத்தை நாளைக்கே பூட்டுன்னு யாரும் சொல்லலை. மழை வாரத்துக்கு அது நிக்கட்டும். மீதி நாள்ல அடுப்பைக் குறைச்சு வை. புதுசா ஒண்ணு கட்டி நாப்பது வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுக் கழுத்துல கட்டிக்காதே. "அது நியாயம்தான்"னார். கடைசி வரைக்கும் முகத்தை மட்டும் உர்ருனு வச்சுக்கிட்டார்.

மாடி சோலாரைப் பத்தி ஒரு வரி. மத்திய அரசு 2024லேர்ந்து மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரைக்கும் மானியம் தருது. சொந்த மாடி இருக்கிற அண்ணா நகர்காரருக்கு ஜாலி. காசிமேட்டுக் குடிசை மாற்று வாரிய வீட்டுல மூணாவது மாடியில இருக்கிறவருக்கு மாடி ஏது? 2016லேர்ந்து முதல் நூறு யூனிட் இலவசம் வேற, அவருக்கு அதுல பெரிசா மிச்சமாகவும் போறதில்லை. சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை மாதிரி பெரிய ஆட்களுக்கும் இன்னும் கடையில கிடைக்கிற மாதிரி வழி வரலை. அதை ஒத்துக்கறேன்.

ஆனா லாரிக்கு வந்தாச்சு.

என் சித்தப்பா பையன் டிரெய்லர் ஓட்டுறான். மணலியிலேர்ந்து துறைமுகம், துறைமுகத்துலேர்ந்து மாதவரம். ஒரு நடைக்கு இருபது முப்பது கிலோமீட்டர்தான். ஆனா எண்ணூர் விரைவுச் சாலையில க்யூ நின்னா மணிக்கணக்கா நிக்கணும், நகரும்போதெல்லாம் என்ஜினைப் போட்டுப் போட்டு டீசல் குடிக்கும். "இன்னாணா பண்றது, வண்டி நிக்கசொல்லோகூட துட்டு எரியுது" என்பான். கிட்டத்து தூரம், நின்னு நின்னு போற ஓட்டம், ராத்திரி வந்து ஒரே யார்டுல நிக்கிற வண்டி. பேட்டரிக்குன்னே அளவெடுத்துத் தைச்ச வேலை இது. நிக்கும்போது மோட்டாருக்குச் செலவே இல்லை. மும்பை பக்கத்துல ஜவஹர்லால் நேரு துறைமுகத்துல 2025 செப்டம்பர்ல 50 மின்சார லாரிகளை இறக்கினாங்க, பேட்டரியைக் கழட்டி மாட்டுற நிலையத்தோட. இங்கயும் 2025 ஜூன் 30ல வியாசர்பாடி பணிமனையில 120 மின்சார பஸ் வந்தது. செஞ்சது அசோக் லேலண்டோட துணை நிறுவனம். அந்தத் தாய்க் கம்பெனி 1948லேர்ந்து எண்ணூர்ல இருக்கு. பஸ்ஸு வெள்ளைக்காரன் தேசத்துலேர்ந்து வரலை, நம்ம தெருவுலேர்ந்துதான் வந்தது.

ஆனா தம்பி ஓட்டுறது பத்து வருஷப் பழைய வண்டி, வட்டிக்கு வாங்கினது. மின்சார டிரெய்லர் புதுசு ஒரு கோடியைத் தாண்டுது. மத்திய அரசு 2025ல அறிவிச்ச ஊக்கத்தொகை அதிகபட்சம் 9 லட்சத்து 60 ஆயிரம். ஒரு கோடிக்கு இது கடலை மிட்டாய். இதுக்கும் வழி வியாசர்பாடியிலேயே இருக்கு. அந்த பஸ்ஸை எம்டிசி விலைக்கு வாங்கலை. கம்பெனி வண்டியை வச்சுப் பராமரிக்குது, ஓடின கிலோமீட்டருக்குக் காசு. துறைமுகங்கள் ரெண்டும் சேர்ந்து இதே மாதிரி ஒரு ஐநூறு டிரெய்லருக்கு ஏற்பாடு பண்ணி, ஏற்கனவே ஓட்டிக்கிட்டிருக்கிற டிரைவருங்களுக்கே முதல்ல கொடுத்தா என்ன? பேட்டரி நிலையத்துல வேலை கொஞ்சம் பேருக்குத்தான் கிடைக்கும், கரி நிலையம் மாதிரி ஒப்பந்த ஆளுங்களுக்கு நூத்துக்கணக்கா கிடைக்காது. நிலையத்தை மூடும்போது நிரந்தர ஊழியருக்கு மாற்றல் ஆர்டர் வரும், ஒப்பந்த ஆளுக்கு "நாளைலேர்ந்து வராதே"தான் வரும். அவங்களுக்கு லாரியில, பஸ் பணிமனையில, ஆத்துல படிஞ்ச சாம்பலை அள்ளுற வேலையில இடம் வச்சுட்டுத்தான் இந்தப் பேச்சையே ஆரம்பிக்கணும்.

தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "சார்ஜு எங்கணா போட்றது?"ன்னான்.

எண்ணூர்ல பழைய பவர் ஹவுஸ் இடத்துல பேட்டரி வச்சா, அங்கேயே ஒரு ஓரமா நாப்பது அம்பது லாரி நிக்கிற மாதிரி சார்ஜ் போட இடம் கேக்கலாம், லைன் அங்கேயே இருக்கே, ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துல ஏறிடும்னேன்.

"அப்போ ஒரு டீக்கடைக்கும் எடம் விடச் சொல்லு. ஒண்ரை மணி நேரம் சும்மா குந்தினு இருக்க முடியாது."